பாட்டி சொன்ன ‘சா, சா’

கொலுசுக்கு மணி கோக்கிற நேரத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனம் எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு மாதமாக என் மனம் போய் உட்காருகிற இடம் ஒரு வேனின் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்திலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகிற சாலை அது. போய் வந்து, படங்களை எல்லோருக்கும் காட்டி, வாங்கிவந்த சாமான்களைப் பங்கு போட்டுக் கொடுத்தும் முடித்தாயிற்று. ஆனாலும் அந்த வேனிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை என்றே தோன்றுகிறது.

நாங்கள் போனது தொழில் விஷயமாக. சியாங் மாயில் வுவாலாய் என்று ஒரு தெரு, பரம்பரை வெள்ளிக்காரர்களின் தெரு. வெள்ளித் தகட்டை உள்பக்கமிருந்து தட்டித் தட்டி உருவம் எடுக்கிறார்கள். சேலத்தில், வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சுத்தியல் சத்தம் வேற்றூர் என்கிற எண்ணத்தையே போக்கிவிட்டது. மனைவியும் மகளும் வந்திருந்தார்கள், மச்சானும் கூட. வேலை முடிந்து இரண்டு நாள் மிச்சமிருந்தபோது, “நம்ம ஏற்காடு மாதிரி ஒரு ஊர் இருக்காம் மாமா, வேன்ல மூணு மணி நேரந்தான்” என்றான் மச்சான். அந்த வழியில் 762 வளைவுகள் என்று அவனே சொன்னான். அங்கே அந்த எண்ணைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி. அதற்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவள் என் மனைவி. ஆனாலும் கிளம்பினோம்.

அங்கே இந்த வேனுக்கு ‘ரோட் தூ’ என்று பெயர். தூ என்றால் அலமாரி. அலமாரி வண்டி. ஏறி உட்கார்ந்து கதவை இழுத்து மூடியதும் அந்தப் பெயரின் பொருத்தம் புரிந்தது. பக்கத்தில் ஒரே ஒரு கதவு. பின்னால் பெட்டிகள். பெரிய பேருந்தைவிட வேகம், சின்ன ஊர்களுக்கும் போகும் என்பதால் அந்த நாட்டில் நிறையப் பேருக்கு இதுதான் வழி. நம் ஊர் மேக்சி கேப் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

சமவெளியில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மலை தொடங்கியதும் ஓட்டுநர் வேறு ஆளாக மாறினார். சின்ன வயசு, இருபத்தைந்து இருக்கலாம். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். காய்கறி ஏற்றிய ஒரு பிக்கப் வண்டியை, எதிரே என்ன வருகிறதென்று தெரியாத வளைவில், இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்தினார். எதிரே ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். முன்னால் ஒரு மாணவி பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்கார ஜோடி கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகளைக் கோத்திருந்தது. என் மகள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இறங்கிப் பார்த்தபோது நாலு நகமும் பதிந்திருந்தன.

வேன் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் பயம். எல்லோருக்கும் தெரியும், மற்ற எல்லோருக்கும் பயம் என்று. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்: எனக்கு அந்தப் பாஷை தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று.

அப்போதுதான் எனக்குப் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி, மடியில் மூங்கில் கூடை. சத்தமே போடவில்லை, பேரப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். “சா… சா… நோய்” என்றார். என் காதில் அப்படித்தான் விழுந்தது. ஒரு கணம் எனக்கு உடம்பு சில்லிட்டது. சாவும் நோயும் அல்லவா அந்தச் சொற்கள்? மலைச்சாலையில், அந்த வேகத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு கிழக்குரல் ‘சா, சா’ என்று சொன்னால் தமிழன் என்ன நினைப்பான்?

ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “க்ராப்” என்று ஒரே சொல். அவர்கள் மரியாதைக்குச் சொல்கிற ‘சரிங்க’. போனை டேஷ்போர்டில் வைத்தார். வேகம் குறைந்தது. அவ்வளவுதான். சண்டை இல்லை, முறைப்பு இல்லை, இறங்கிப் போ என்ற பேச்சு இல்லை. பாய் போய்ச் சேரும்வரை அவர் ஒரு வளைவில்கூட முந்தவில்லை. இறங்கியதும் மச்சான் போனில் தேடிச் சொன்னான்: சா என்றால் அவர்கள் பாஷையில் மெதுவாக, நொய் என்றால் கொஞ்சம். கடைசியில் ஒரு ‘லூக்’ சேர்த்திருந்தார் பாட்டி. லூக் என்றால் பிள்ளை. கொஞ்சம் மெதுவா, மெதுவா போப்பா. இதைச் சொல்லத்தான் அத்தனை பேரும் அத்தனை வளைவுகளாகத் தவித்துக்கொண்டிருந்தோம்.

பாஷை தெரியாததால்தான் நான் பேசவில்லை என்ற சமாதானம் அன்று ராத்திரியே உடைந்துபோனது. ஏனென்றால், பாஷை தெரிந்த ஒரு வேனிலும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இன்ஜின் சத்தம் அடங்கியபோது

1999. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அத்தை வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். அத்தை பேரனுக்குக் காதுகுத்து. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வேன் பேசிக்கொண்டு பதினெட்டுப் பேர் போயிருந்தோம். சாயங்காலம் இறங்கும்போது கறிச்சோறு தின்ற மயக்கத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில். அக்கா எனக்கு முன்னால், ஜன்னலோரம்.

ஒண்டிக்கடை தாண்டி, ஏற்காட்டு ஊரை விட்டு இறங்க ஆரம்பித்துச் சில வளைவுகள் வந்ததும் வேனின் இரைச்சல் திடீரென்று அடங்கிவிட்டது. எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் இளவயதில் ஐந்து வருஷம் லாரியில் கிளீனராக இருந்தவர். டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் போட்டு இறக்குகிறான் என்று அவருக்கு அந்த அமைதியிலேயே புரிந்துவிட்டது. மலையில் எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும், முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறும். ஓரளவுக்கு மேல் சூடேறினால் காலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா “ஏங்க, என்னமோ மாதிரி போகுதே…” என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பெரியம்மா உடனே அடக்கினார்: “மலையில போறப்ப வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. அபசகுனமா பேசாத.” அம்மா அடங்கிவிட்டாள். அப்பா வாயே திறக்கவில்லை. அடுத்தவன் தொழிலில் தலையிடக் கூடாது என்பது அவர் குணம். புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தோம், கற்பூரம் காட்டியிருந்தோம். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒன்பதாவது வளைவில் வேன் திரும்ப மறுத்தது. ஓட்டுநர் எப்படியோ ஒடித்து வண்டியைத் தடுப்புச் சுவரோடு உரசி நிறுத்திவிட்டார். உயிர் யாருக்கும் போகவில்லை. அக்காவின் வலது கை ஜன்னல் கம்பியில் இருந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கி இரண்டு விரல்கள் நசுங்கின. இன்றுவரை அந்த விரல்கள் மடங்காது. கொலுசுக்குப் பற்றவைப்பு வேலையில் எங்கள் தெருவிலேயே அவளுக்கு இணையான கை கிடையாது. பொடி வைக்கிற அளவு, ஊதுகுழலின் சுடரை எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. அந்த வேலையை அவள் திரும்பத் தொடவில்லை.

அந்த ஓட்டுநரை நாங்கள் எல்லோரும் திட்டினோம். நியாயம்தான், தவறு அவருடையது. ஆனால் அப்பா திட்டவில்லை. கடைசி வருஷங்களில், நினைவு தடுமாற ஆரம்பித்த பிறகு, அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: “எனக்குக் கேட்டுச்சே. சத்தம் அடங்குனது எனக்குக் கேட்டுச்சே.”

எண்களில் இருக்கிறது பாதி

பாயில் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனை எடுத்து, இந்த அலமாரி வண்டிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். முதலில் வந்து நின்றது 2017 ஜனவரி 2. புத்தாண்டு விடுமுறை முடிந்து சாந்தபுரியிலிருந்து பாங்காக் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினிவேன், சோன்புரி மாகாணத்தில் சாலையின் நடுப்பகுதியைக் கடந்து எதிரே வந்த பிக்கப் மீது மோதியது. இரண்டும் தீப்பிடித்தன. 25 பேர் இறந்தார்கள். அந்த ஓட்டுநரும் இறந்துபோனார். அவர் போதிய ஓய்வில்லாமல் நடை மேல் நடையாக ஓட்டியிருந்தார் என்பது பிறகு வெளியே வந்தது.

அதன்பிறகு அந்த நாட்டு அரசு விழித்துக்கொண்டது. வேனில் 13 இருக்கைக்கு மேல் கூடாது, பின்கதவு வழியாகத் தப்பிக்க இடம் விட வேண்டும், வேகத்தைக் கண்காணிக்க ஜிபிஎஸ் கட்டாயம், 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பயணிகள் எல்லோரும் பெல்ட் போட வேண்டும் என்று உத்தரவுகள் வந்தன. ஓட்டுநர்மேல் புகார் சொல்ல 1584 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் நல்லது, தேவை. ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. புகார் எண்ணை நான் அழுத்தி முடிப்பதற்குள் எத்தனை வளைவுகள் போயிருக்கும்? மலையில் 40 கிலோமீட்டரே அதிகம், அங்கே ஜிபிஎஸ் என்ன எச்சரிக்கை அடித்துவிடப்போகிறது?

ஓட்டுநரைக் கெட்டவன் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அதில் இப்போது நம்பிக்கை இல்லை. கென்யாவில் ‘மட்டாட்டு’ என்று 14 பேர் ஏறுகிற வேன்கள். நைரோபி நகரமே அதில்தான் ஓடுகிறது. அங்கே முதலாளிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டிவிட வேண்டும், அதற்கு மேல் வருவதுதான் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும். அப்படியானால் ஒவ்வொரு நிமிஷமும் காசு. முன்னால் போகிற வண்டியில் ஏறுகிறவர் என் வீட்டு அரிசி. நம் ஊரில் தனியார் பேருந்துகள் டைமுக்காகச் சண்டை போடுவதும், கலெக்‌ஷன் பேட்டாவுக்காக ஒன்றையொன்று முந்துவதும் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரோடு வரை போய்ப் பார்த்தால் போதும்.

2004இல் கென்யாவின் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சூகி கடுமையான விதிகள் கொண்டுவந்தார். 80 கிலோமீட்டரில் வேகத்தைக் கட்டுகிற கருவி, எல்லா இருக்கைக்கும் பெல்ட், வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை. கொஞ்ச காலம் அடங்கி, மெல்லப் பழையபடி ஆனது. அதன்பிறகு நடந்ததைப் படித்தபோதுதான் நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். ஜேம்ஸ் ஹப்யாரிமானா, வில்லியம் ஜாக் என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வண்டிகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, உள்ளே பயணிகள் கண்ணில் படுகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஓட்டுநருக்கு அறிவுரை ஒன்றும் இல்லை. பயணிகளுக்குத்தான்: ஆபத்தாக ஓட்டினால் சும்மா இருக்காதே, பேசு. ஓட்டுநர்கள் கிழித்துவிடாமல் இருக்க, ஸ்டிக்கர் இருக்கிற வண்டிக்கு வாராவாரம் பரிசுக் குலுக்கல். 2011இல் முடிவு வெளியானது. ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளில் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்திருந்தன. பிறகு ஆயிரக்கணக்கான வண்டிகளில் பெரிய அளவில் செய்தபோது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தது.

ஒரு ஸ்டிக்கர். அதில் இருந்தது சட்டமில்லை, அபராதமில்லை, கேமரா இல்லை. பேசலாம் என்று யாரோ கொடுத்த அனுமதி மட்டும். பாட்டிக்கு அந்த அனுமதியை அவர் வயதே கொடுத்திருந்தது. எனக்கு யார் கொடுக்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்?

இதில் ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. பொறுப்பையெல்லாம் பயணியின் தலையில் கட்டுவது நியாயமா? இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இத்தனையையும் ‘அண்ணே, மெதுவா’ என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. சாலை சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநருக்குத் தூங்க நேரம் இருக்க வேண்டும், ட்ரிப் கணக்கில் இல்லாத சம்பளம் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து கொண்டை ஊசி வளைவில் தடுப்பை உடைத்துக் கவிழ்ந்து உயிர்கள் போனபோது, அடுத்த நாள் எங்கள் தெருவில் எல்லோரும் பேசியது ஓட்டுநரைப் பற்றித்தான். நானும் பேசினேன். அந்தப் பேருந்துக்குள் யாருக்காவது பயம் வந்ததா, வந்தவர் சொன்னாரா, சொன்னால் யாராவது அடக்கினார்களா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என் வேனில் என்ன நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போன மாதம்

மச்சான் வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஏற்காட்டில், வரவேற்பு சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கத்து மண்டபத்தில். பெரியவர்களை மேலேயிருந்து அழைத்துவர நான்தான் வேன் பேசினேன். அக்காவும் வந்தாள். இத்தனை வருஷத்தில் மலைக்கு அவள் மூன்று தடவைதான் வந்திருப்பாள். எப்போதும் நடு இருக்கை. ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள்.

இறங்கும்போது மணி ஐந்தரை. மேலே ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. எங்கள் ஓட்டுநர், முப்பது வயதிருக்கும், எதிரே ஏறி வந்த ஒரு காரை ஒதுங்க வைத்துவிட்டு இறங்கினார். அடுத்த வளைவில் ஒரு பைக்கை ஓரம் கட்டினார். உள்ளே பேச்சு நின்றது. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தொண்டை வறண்டுவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், கூலிக்கு வேன் பேசியவன், வாயைத் திறக்க எனக்கு இரண்டு வளைவுகள் ஆயின. அவமானப்படுவோம் என்கிற பயம் சாவுப் பயத்தைவிடப் பெரியதாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

“தம்பி, கொஞ்சம் மெதுவா போப்பா” என்றேன்.

பின்னாலிருந்து யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். மலையில் பேசக் கூடாது என்கிற அந்தப் பழைய ‘ச்சு’. ஓட்டுநர் கோபப்படவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, “போலாங்கண்ணா. ஆனா ஆறே முக்காலுக்குள்ள மண்டபத்துல இருக்கணும், பந்தி ஆரம்பிச்சிருவாங்க, லேட்டானா வாடகையில பிடிச்சுக்குவேன்னு நீங்கதானுங்களே காலையில சொன்னீங்க?” என்றார்.

சொல்லியிருந்தேன். வேன் பேசுகிற எல்லோரும் சொல்வதுபோல நானும் சொல்லியிருந்தேன், சொன்னது நினைவிலேயே இல்லை. “நான் சொன்னத விட்டுரு தம்பி. எத்தன மணிக்குப் போய்ச் சேந்தாலும் பரவால்ல, வாடகையில கை வைக்க மாட்டேன்” என்றேன். அவர் செகண்ட் கியருக்கு மாற்றினார். இன்ஜின் இரைச்சல் எழுந்து வேன் முழுக்க நிறைந்தது, பேசினால் கேட்காத அளவுக்கு. நான் போனை எடுத்து மண்டபத்துக்குக் கூப்பிட்டு, நாங்கள் வந்து சேர ஏழரை ஆகும், முதல் பந்தியை எங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கத்திச் சொன்னேன்.